கேள்வி – பதில்: 36 சீட்டில் ஆடும் போக்கர்

டெக்சாஸ் ஹோல்டெம் ஆடத் தெரிந்த வாசகர்கள் பலர் 'ஷார்ட் டெக்' ஆட்டத்தைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம். ஹோல்டெமின் அடிப்படை தெரிந்தவர்களுக்காக எழுதியது: கையில் 2 சீட்டு, நடுவில் 3 + 1 + 1 (ஃப்ளாப், டர்ன், ரிவர்) என்று 5 பொதுச்சீட்டு, இந்த ஏழில் சிறந்த ஐந்தே உங்கள் கை.

ஷார்ட் டெக், சிக்ஸ் பிளஸ் என்று இரண்டு பெயர் கேள்விப்படுகிறேன். இரண்டும் ஒன்றா? வழக்கமான ஹோல்டெமிலிருந்து எதில் மாறுகிறது?
– வாசகர், கோவை

இரண்டும் ஒரே ஆட்டம்தான். 52 சீட்டுக் கட்டிலிருந்து 2, 3, 4, 5 ஆகிய நான்கு எண்களையும் நான்கு ஜாதியிலும் எடுத்துவிடுங்கள். 16 சீட்டு போய் 36 மிஞ்சும். 6 முதல் ஏஸ் வரை, ஜாதிக்கு 9 சீட்டு. சீட்டைப் பிரிப்பது, ஃப்ளாப், டர்ன், ரிவர் எல்லாம் ஹோல்டெம் போலவே நடக்கும்.

மாறுவது மூன்று இடங்களில். கைகளின் வரிசை மாறுகிறது: ஃபுல் ஹவுஸை (ஒரே எண்ணில் மூன்றும் இன்னோர் எண்ணில் இரண்டும்) ஃப்ளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து) வெல்லும். ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் இல்லை. எல்லோரும் ஆன்ட்டி, அதாவது சீட்டு கொடுக்கும் முன் ஆளுக்குச் சமமான ஒரு தொகை, கட்டுகிறார்கள். 5 கட்டில் இல்லாததால் மிகச் சிறிய ஸ்ட்ரெய்ட் (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) ஏஸ்-6-7-8-9 ஆகிறது; அங்கே ஏஸ் 5-இன் இடத்தில் நிற்கிறது.

புதிதாக ஆடுபவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான். நடுவில் 7, 8, 9 கிடக்கிறது, கையில் ஏஸும் 6-உம். ஸ்ட்ரெய்ட் அமைந்துவிட்டதைக் கவனிக்காமல் சீட்டை மடக்கிப் போடுகிறார்கள். அமைந்தது தெரிந்தவர்களில் சிலரோ ஏஸ் இருக்கிறதே என்று அதைப் பெரிய ஸ்ட்ரெய்ட்டாக எண்ணி மொத்தத்தையும் வைத்துவிடுகிறார்கள். அந்த ஃப்ளாப்பில் 10-6 வைத்திருப்பவரும் ஜாக்கி-10 வைத்திருப்பவரும் அவர்களை அடித்துவிடுவார்கள்.

கட்டைத் தயார் செய்யும்போது ஜாதிவாரியாக மேசையில் பரப்பி ஒவ்வொன்றிலும் 9 இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஜோக்கர்களையும் எடுத்தாயிற்றா என்று பாருங்கள். ஒரே ஒரு 5 உள்ளே தங்கிவிட்டாலும் இனி நாம் சொல்லப்போகும் கணக்கு எதுவும் பொருந்தாது.

இந்த ஆட்டம் எங்கே, எப்போது தோன்றியது?
– வாசகர், திருச்சி

இன்று ஆடப்படும் வடிவம் 2010-களின் நடுவில் மக்காவ், ஹாங்காங் வட்டாரத்தில், பெரும்பணக்காரர்கள் கூடிய தனி மேசைகளில் உருவானது. அங்கே அமர்ந்தவர்களில் பலர் தொழிலதிபர்கள். அவர்களுக்குப் பிடித்தது ஓட்டம் நிறைந்த ஆட்டம். ஹோல்டெமில் நல்ல சீட்டு வரும்வரை மடக்கிப் போட்டுக் காத்திருப்பவருக்கே லாபம். அப்படிப்பட்டவர்கள் மேசையில் சேர்ந்தால் ஆட்டம் தூங்கிவிடும். சிறிய சீட்டுகளை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் ஆடத் தகுந்த சீட்டு வருகிறது. எல்லோரும் ஆன்ட்டி கட்டுவதால் காத்திருக்கவும் செலவாகிறது.

மக்காவுக்குப் போய் அந்த மேசைகளில் ஆடிய டாம் டுவான், ஃபில் ஐவி போன்ற அமெரிக்கர்கள் வழியாகத்தான் மேற்கத்திய ரசிகர்கள் இதை அறிந்தார்கள். அரங்குக்குக் கொண்டுவந்தது டிரைட்டன் போட்டித் தொடர். அதைத் தொடங்கிய பால் புவா, ரிச்சர்ட் யோங் இருவரும் மலேசியர்கள். 2018 மே மாதம் மாண்டினீக்ரோவில் டிரைட்டன் நடத்திய ஷார்ட் டெக் போட்டிகளில் 2,50,000 ஹாங்காங் டாலர் நுழைவுக் கட்டணப் போட்டியை ஐவி வென்றார். 10 லட்சம் ஹாங்காங் டாலர் போட்டியை வென்ற ஜேசன் கூனுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 36 லட்சம் அமெரிக்க டாலர். உலகெங்கும் போக்கர் ஆடுபவர்கள் இந்த ஆட்டத்தின் விதிகளைத் தேடிப் படிக்க அந்த இரண்டு முடிவுகளே போதுமானதாக இருந்தன. 2019-இல் லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரும் இதற்கென்று 10,000 டாலர் போட்டி ஒன்றைச் சேர்த்தது. 114 நுழைவுகள் வந்த அந்தப் போட்டியை அலெக்ஸ் எப்ஸ்டீன் வென்றார்.

குறைந்த சீட்டில் போக்கர் ஆடுவது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸிலும் மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களிலும் போக்கர் ஆடப்பட்டதே 20 சீட்டில்தான்: 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் மட்டும். நான்கு பேருக்கு ஐந்தைந்து சீட்டு, கட்டு காலி. அதிகம் பேர் ஆடவும் சீட்டு மாற்றவும் வழி வேண்டும் என்றுதான் 52-க்குப் போனார்கள். ரஷ்யாவில் துராக் ஆடும் கட்டும் 6 முதல் ஏஸ் வரையிலான அதே 36 சீட்டுதான். மக்காவில் புதிதாகச் செய்தது, குறைந்த கட்டை ஹோல்டெமோடும் ஆன்ட்டியோடும் சேர்த்ததுதான்.

ஃபுல் ஹவுஸை ஃப்ளஷ் எப்படி வெல்லலாம்? வரிசையை யார் இஷ்டத்துக்கு மாற்றினார்கள்?
– வாசகர், சேலம்

யாருடைய இஷ்டமும் இல்லை. அரிதாக வருவது பெரியது என்பதே போக்கர் வரிசையின் ஒரே விதி. 36 சீட்டில் 5 சீட்டுக் கைகளை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 3,76,992. அதில் ஃப்ளஷ் 480, ஃபுல் ஹவுஸ் 1,728. (52 சீட்டில் ஃப்ளஷ் 5,108, ஃபுல் ஹவுஸ் 3,744.) ஜாதிக்கு 13 இருந்த இடத்தில் 9 மட்டுமே இருப்பதால் ஒரே ஜாதியில் ஐந்து சேர்வது கடினமாகிவிட்டது. எண்கள் 13-லிருந்து 9 ஆகக் குறைந்ததால் அதே எண் மறுபடி வருவது எளிதாகிவிட்டது. ஏழு சீட்டுக்குக் கணக்கிட்டாலும் இதே கதைதான்: ஃபுல் ஹவுஸ் சுமார் 7.6 சதவீதம், ஃப்ளஷ் 2.1 சதவீதம்.

வம்பு வருவது அதற்குக் கீழே, ஒரே எண்ணில் மூன்று சேர்வதற்கும் ஸ்ட்ரெய்ட்டுக்கும் இடையில். ஐந்து சீட்டில் எண்ணினால் ஸ்ட்ரெய்ட் 6,120, மூன்று சேர்வது 16,128. அதன்படி ஸ்ட்ரெய்ட்தான் பெரியது. ஆனால் நாம் ஆடுவது ஏழு சீட்டில். ஏழு சீட்டில் ஸ்ட்ரெய்ட் சுமார் 14 சதவீதமும் மூன்று சேர்வது சுமார் 7 சதவீதமும் வருகின்றன, கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதனால் சில இடங்களில் மூன்றை ஸ்ட்ரெய்ட்டுக்கு மேலே வைத்தார்கள். டிரைட்டன் ஸ்ட்ரெய்ட்டை மேலேயே விட்டுவைத்தது. இன்று அதிகம் வழங்குவது டிரைட்டன் வரிசை. மேலிருந்து கீழாக: ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், ஒரே எண்ணில் நான்கு, ஃப்ளஷ், ஃபுல் ஹவுஸ், ஸ்ட்ரெய்ட், மூன்று, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, தனிச்சீட்டு.

இதெல்லாம் சின்ன வித்தியாசம்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஒரு கையை எடுத்துக்கொள்வோம். முதலாமவரிடம் ஸ்பேட் ராஜா, ஆர்ட்டின் ராஜா. இரண்டாமவரிடம் ஆர்ட்டின் ஜாக்கி, ஆர்ட்டின் 10. ஃப்ளாப்பில் டைமண்ட் ராஜா, ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. முதலாமவருக்கு மூன்று ராஜா சேர்ந்துவிட்டது. இரண்டாமவர் கையில் இன்னும் எதுவும் சேரவில்லை. இருவரும் ஆல்-இன், அதாவது கையிலுள்ள மொத்தத்தையும் வைத்துவிட்டார்கள்.

கட்டில் மிச்சம் 29 சீட்டு. வரவேண்டிய இரண்டு சீட்டும் 406 விதமாக அமையலாம். ஆர்ட்டினில் மிச்சம் 6, 7, ராணி, ஏஸ் ஆகிய நான்கு. அவற்றில் ஒன்றாவது வருவது 106 விதங்களில். அதோடு கிளாவர் ராஜாவும் வந்தால் முதலாமவருக்கு நான்கு ராஜா ஆகிவிடும். அப்போதும் ஆர்ட்டின் 7 அல்லது ராணி வந்திருந்தால் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் அமைந்து இரண்டாமவரே வெல்கிறார். 6 அல்லது ஏஸ் வந்திருந்தால் மட்டும் தோற்கிறார். ஆர்ட்டின் 6, ஆர்ட்டின் ஏஸ் இரண்டும் வந்தாலும் தோற்கிறார்; முதலாமவரின் ஆர்ட்டின் ராஜாவால் அவருக்கே பெரிய ஃப்ளஷ் அமைகிறது. ஆக ஃப்ளஷ் வழியில் 103. மற்ற ஜாதி ராணியோ 7-ஓ வந்து, நடுவில் ஜோடி விழாமலும் நான்காவது ராஜா வராமலும் இருந்தால் ஸ்ட்ரெய்ட். அது 81 விதங்களில். மொத்தம் 184, அதாவது 45.3 சதவீதம். மூன்று ராஜா வைத்திருப்பவர் வெறும் 54.7 சதவீதத்தில் நிற்கிறார்.

இதே கையை, மூன்று ஸ்ட்ரெய்ட்டை வெல்லும் மேசையில் ஆடுங்கள். அந்த 81 விதமும் உதவாமல் போய்விடும். மிஞ்சுவது 103, இரண்டாமவரின் வாய்ப்பு 25.4 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரே சீட்டு, ஒரே ஃப்ளாப், 20 சதவீத வித்தியாசம். உட்காருவதற்கு முன் "இங்கே மூன்று பெரியதா, ஸ்ட்ரெய்ட் பெரியதா?" என்று கேட்டே ஆக வேண்டும். வீட்டில் ஆடினால் வரிசையை ஒரு தாளில் எழுதி மேசை நடுவில் வைத்துவிடுங்கள். கை திறந்த பிறகு வரும் சண்டையை எந்த நடுவராலும் தீர்க்க முடியாது.

ஆன்ட்டி கட்டும் முறையை எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா? எல்லோரும் ரெய்ஸ் செய்யாமல் சும்மா கால் செய்துகொண்டே போகிறார்களே, ஏன்?
– வாசகர், பெங்களூரு

ஆறு பேர் என்று வையுங்கள், ஆன்ட்டி 100. ஆறு பேரும் 100 கட்டுகிறார்கள். பட்டனில் (சீட்டு கொடுப்பவரின் இடத்தில்) இருப்பவர் மட்டும் இன்னொரு 100 வைக்கிறார். முதல் 600 நடுவில் சேரும் பொதுப்பணத்துக்குப் போய்விட்ட காசு. பட்டன் வைத்த கூடுதல் 100 அவருடைய பந்தயமாகக் கணக்கு. சீட்டு கொடுத்ததும் பட்டனுக்கு இடப்பக்கம் இருப்பவர் முதலில் பேசுவார்: மடக்கலாம், 100 வைத்துக் கால் செய்யலாம், ஏற்றலாம். பட்டன் கடைசியில் பேசுவார். ஃப்ளாப்புக்குப் பிறகும் இதே வரிசைதான். பட்டனுக்கு எப்போதும் கடைசி வார்த்தை என்பதால் ஹோல்டெமைவிட இங்கே அந்த இடத்துக்கு மதிப்பு அதிகம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். முதலில் பேசுபவர் முன்னால் 700 கிடக்கிறது. உள்ளே போக 100 போதும். எட்டில் ஒரு தடவை வென்றாலே அந்த 100 வீண் இல்லை, அதாவது 12.5 சதவீதம். ஆன்ட்டி இல்லாத ஹோல்டெமில் 50, 100 என்று பிளைண்ட் இருந்தால் 150-க்காக 100 வைக்க வேண்டும். 40 சதவீதம் தேவை. இந்த வித்தியாசம்தான் கால் செய்வதை இங்கே நியாயமான ஆட்டமாக்குகிறது. ஹோல்டெமில் முதல் ஆளாக வந்து வெறுமனே கால் செய்பவரைக் கற்றுக்குட்டி என்பார்கள். ஷார்ட் டெக்கில் தேர்ந்தவர்களே ஏஸ் ஜோடியையும் அப்படி ஒளித்து ஆடுகிறார்கள், பின்னால் ஒருவர் ஏற்றினால் திருப்பி ஏற்றலாம் என்று.

அதற்காக எதைப் பார்த்தாலும் உள்ளே போகலாம் என்று அர்த்தமில்லை. பின்னால் ஒருவர் 700-க்கு ஏற்றிவிட்டால் உங்கள் 100 போனதுதான். ஜாதியும் சேராமல் வரிசையும் ஒட்டாமல் இருக்கும் ராஜா-7, ராணி-6 போன்றவற்றை மலிவாக இருக்கிறதென்று எடுத்துப் போகாதீர்கள்.

ஹோல்டெமில் ஓரளவு நன்றாக ஆடுகிறேன். ஷார்ட் டெக்கில் பெரிய ஜோடி வந்தாலும் அடி வாங்குகிறேன். எங்கே தவறு?
– வாசகர், சென்னை

ஹோல்டெமில் பழகிய மதிப்பீடு கையோடு வந்துவிடுகிறது, அதுதான் காரணம். ஏஸ் ஜோடி அங்கே 221 கைக்கு ஒரு முறை வரும், இங்கே 105 கைக்கு ஒரு முறை. ஏதாவது ஒரு ஜோடி கையில் வருவது அங்கே 5.9 சதவீதம், இங்கே 8.6. உங்களுக்கு அடிக்கடி வருவது எதிராளிக்கும் அடிக்கடி வருகிறது. கையில் ஜோடி வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பிலேயே மூன்றாவது விழுவது 12-லிருந்து 17 சதவீதமாக ஏறியிருக்கிறது. ஐந்து சீட்டுக் கைகளில் பாதிக்கு மேல் ஒரு ஜோடிதான். ஜோடியே இல்லாத கை அதைவிடக் குறைவு. அப்படியிருக்க ஃப்ளாப்பின் பெரிய சீட்டோடு சேர்ந்த ஒற்றை ஜோடியை நம்பி ரிவர் வரை பணத்தைக் கொட்டினால் நிலைக்காது.

சேர வேண்டிய சீட்டுகளைக் கணக்கிடும் குறுக்கு வழியையும் மாற்றிக்கொள்ளுங்கள். ஹோல்டெமில் உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை ஒரு சீட்டு பாக்கி இருந்தால் 2-ஆலும் இரண்டு பாக்கி இருந்தால் 4-ஆலும் பெருக்குவோம். இங்கே 3, 6. ஃப்ளாப்பில் இருபுறமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு 8 சீட்டு உதவும்: 8 × 6 = 48; சரியான கணக்கு 45.6 சதவீதம். ஹோல்டெமில் இதே நிலை 31.5 தான். நடுவில் ஒரே ஒரு எண் விடுபட்ட ஸ்ட்ரெய்ட்டுக்கு 4 சீட்டு, 24.5 சதவீதம்.

ஃப்ளஷ்ஷுக்கு நான்கு சேர்ந்து ஒன்றுக்குக் காத்திருந்தால், மிச்சம் 9 அல்ல, 5 தான். 30 சதவீதம். ஹோல்டெமில் 35. ஹோல்டெம் ஆட்கள் ஸ்ட்ரெய்ட்டுக்குக் காத்திருக்கும் கையை மடக்கிவிட்டு ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருக்கும் கையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். இங்கே முதலாவதுதான் அடிக்கடி சேரும். ஆனால் ஃப்ளஷ் சேர்ந்துவிட்டால் தைரியமாக ஆடலாம். உங்களிடம் இரண்டும் ஃப்ளாப்பில் மூன்றும் ஒரே ஜாதி என்றால் அந்த ஜாதியில் மிச்சம் நான்கே. ஓர் எதிராளியிடம் அதில் இரண்டு இருப்பது 1.3 சதவீதம்தான். சின்ன ஃப்ளஷ்ஷைப் பார்த்து இங்கே பயப்படத் தேவையில்லை.

பெரிய சேதம் ஃபுல் ஹவுஸில் வரும். அது கிடைத்ததும் எதிராளியை இழுத்துவர மெதுவாக ஆடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நடுவில் ஒரே ஜாதியில் இரண்டு கிடக்கும்போது அப்படி மெதுவாக ஆடினால், அவருக்கு ஃப்ளஷ்ஷை இலவசமாகக் கொடுக்கிறீர்கள். உடனே பந்தயம் வையுங்கள். மூன்றாவதும் அதே ஜாதியில் விழுந்து எதிராளி பெரிதாக ஏற்றினால், ஃபுல் ஹவுஸையும் மடக்க வேண்டிய கட்டம் வரும். கை நடுங்கும், தெரியும். ஆனாலும் அந்த மடக்கலைப் பழகாதவர் இந்த ஆட்டத்தில் நீடிக்க முடியாது.

கையில் வாங்கும் சீட்டுகளில் ஜாக்கி-10, 10-9 இரண்டையும் ஒரு படி உயர்த்திக்கொள்ளுங்கள். கட்டில் அமையக்கூடிய ஸ்ட்ரெய்ட் வரிசைகள் ஆறு. அதில் நான்கில் ஜாக்கியும் 10-உம் சேர்ந்து வருகின்றன. ஏஸும் ராஜாவும் சேர்ந்து வருவது ஒன்றில் மட்டும்.

எத்தனை பேர் ஆடலாம்?
– வாசகர், கோலாலம்பூர்

ஆறு அல்லது ஏழு பேர் சரியான அளவு. பத்துப் பேருக்குக் கொடுத்தாலும் 20 + 5 + கழிக்கும் 3 = 28, சீட்டு போதும்தான். ஆனால் அத்தனை பேர் கையில் இருக்கும்போது யாரோ ஒருவருக்கு ஸ்ட்ரெய்ட் பெரும்பாலும் அமைந்துவிடும், ஆன்ட்டியும் பெருத்துவிடும். மூன்று பேருக்குக் கீழே போனால் ஆன்ட்டியின் ஈர்ப்பு போய்விடுகிறது.

தமிழ்நாட்டில் இதை ஆன்லைனில் பணம் கட்டி ஆடலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. அந்தப் பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொண்டு "போக்கர் திறமை ஆட்டம், அனுமதி உண்டு" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இல்லாமல் தடை செய்கிறது. அதை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. அதைச் சாக்காக வைத்து வெளிநாட்டுச் செயலிகளில் பணம் போட்டு, அது திரும்பி வராவிட்டால் முறையிட ஓர் இடமும் இருக்காது. போடாதீர்கள்.

கற்றுக்கொள்ளப் பணம் தேவையே இல்லை. ஆளுக்கு 100 புளியங்கொட்டை கொடுங்கள், ஆன்ட்டிக்கு ஒரு கொட்டை. தீர்ந்தவர் வெளியே போகட்டும், கடைசியில் மிஞ்சுபவர் வென்றார். கொட்டையைத் திரும்பக் கடன் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் எல்லோரும் எதற்கெடுத்தாலும் ஆல்-இன் போவார்கள், ஒன்றும் கற்க முடியாது.

ஹோல்டெமின் இடத்தை இது பிடித்துவிடுமா?
– வாசகர், திருநெல்வேலி

பிடிக்காது என்பது எங்கள் கருத்து. 2018, 2019-இல் இருந்த வேகம் பின்னர் தணிந்துவிட்டது. பெரிய போட்டித் தொடர்களில் இதற்கு ஓர் இடம் உண்டு; முதன்மைப் போட்டி இன்னும் ஹோல்டெம்தான். அதற்குக் காரணம் நாம் மேலே பார்த்த கணக்கிலேயே இருக்கிறது. வாய்ப்புகள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் நன்றாக ஆடுபவரும் நீண்ட நாள் தோற்றுக்கொண்டே இருக்கலாம். மக்காவ் மேசையில் அமர்ந்த செல்வந்தர்களுக்கு அந்த ஏற்ற இறக்கம்தான் விருந்து. சின்னத் தொகையோடு வருபவருக்கு அது தாங்காது.

ஆனால் ஹோல்டெம் கற்றவர் சில வாரம் ஷார்ட் டெக் ஆடிவிட்டுத் திரும்பினால் கணக்குப் போட்டுப் பழகிய கையோடு திரும்புகிறார். கட்டு மாறினால் வாய்ப்பு மாறும் என்பதால் மனப்பாடம் செய்த பட்டியல் இங்கே உதவாது. கட்டில் மிச்சம் எத்தனை சீட்டு, அதில் எத்தனை நமக்கு உதவும் என்று ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.